நூல் சந்தைக்கு ஒரு கிழவன்ட நொட்டை

இஞ்ச வா மருமகன், அந்தக் கடதாசியைத் தா பாப்பம். கிழவனுக்கு வாசிக்க ஏலாமப் போகட்டும் எண்டுதானே இவ்வளவு பொடி எழுத்துல அடிச்சிரிக்காய்? "மருதமுனை நூல், நார்க் கைப்பணிச் சந்தை: விற்பனைக் கூடங்கள், செயலமர்வுகள்." பேர் வடிவாத்தான் இரிக்கி. கீழ வருவம். கிறாஅத், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, அறிமுகவுரை, சிறப்புரை ரெண்டு, பிரதம அதிதி உரை, கௌரவ அதிதிகள் உரை, ஏற்புரை, நன்றியுரை. அடேயப்பா! இவ்வளவு உரையையும் கோன்ல சுத்தினா ஊருக்கே சாறன் நெய்யலாமே மனே. நூல் எண்ட சொல்லு தலைப்போட சரி. அதுக்குப் புறகு இந்தக் கடதாசியில ஒரு இடத்துலயும் காணல்ல.

கோவிக்காத. இன்னும் தொடங்கவே இல்ல நான்.

"அதிதிகளுக்குப் பொன்னாடை போர்த்துதல்" எண்டு போட்டிரிக்காய். அந்தப் பொன்னாடையை எங்க வாங்கப் போறாய்? கல்முனை பஸார்ல ஒரு புடவைக் கடையில. அது எங்கயோ மிசின்ல நெய்து வந்த பொலியெஸ்டர், மினுக்கம் மட்டும்தான் பொன். கைத்தறிச் சந்தையைத் தொறந்து வைக்க வாறவர்ர தோள்ல மிசின் பொலியெஸ்டரைப் போத்தி, படம் புடிச்சி பேஸ்புக்ல போட்டு, கீழ "கைத்தறியைக் காப்போம்" எண்டு எழுதுவாய். நம்மட தறிக்காரனும் அதைப் பாத்துட்டு ஒரு லைக் போடுவான். வேலை இல்லாத மனிசன், வேற என்னத்தைப் போடுவான்?

இந்த யோசனையை எங்க புடிச்ச எண்டும் எனக்குத் தெரியும். என்ட பேத்தி போன்ல காட்டினாள். அமெரிக்காவுல மேரிலாந்து எண்ட இடத்துல 1970களில இருந்து வருசா வருசம் மே மாசத் தொடக்கத்துல செம்மறி ஆட்டுக்கும் கம்பளிக்கும் திருவிழா. ஆட்டை நிப்பாட்டி மயிரை வெட்டி, அங்கயே நூலா நூத்து, அங்கயே சால்வையா நெய்து முடிக்கிற போட்டி ஒண்டு வைக்கிறாங்க. கும்பல் கும்பலாச் சேந்து செய்யிறாங்க, சனம் சுத்தி நிண்டு பாக்குது. நம்மட ஊர்ல செம்மறியைச் சந்தைக்குக் கொண்டு வந்தா என்ன நடக்கும் எண்டு யோசிச்சியா? ஆடு சால்வையாகாது மனே, புரியாணியாகும். அதுவும் பிரதம அதிதி வாறதுக்கு முன்னால.

ஆனா அந்தப் போட்டியில ஒரு சூட்சுமம் இரிக்கி. வாங்க வந்தவன்ட கண்ணுக்கு முன்னால சால்வை உருவாகுது. அதைப் பாத்தவனுக்குப் புறகு விலையைக் கேட்டா வாய் எழும்பாது. அந்த ஒண்டை மட்டும் களவெடு. ஆட்டை அவங்களுக்கே விட்டுடு.

நம்மட கையில என்ன இரிக்கி எண்டு முதல்ல பாரு. கம்பளி ஆடு இல்ல. பருத்தியும் இல்ல. நம்மட தறிக்கு வாற நூல் கடல் தாண்டித்தான் வருது, கனக்க இந்தியாவுல இருந்து. 2022ல டொலர் 200 ரூவாயில இருந்து 360 பக்கம் பாஞ்சிச்சே, அப்ப நூலும் சாயமும் அதுக்குப் பின்னால பாஞ்சிச்சி. சாறன் விலை மட்டும் கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டு ஏறினது. ஏன் எண்டா வாங்க வாறவன் மச்சானா இரிப்பான், இல்லாட்டி மச்சான்ட மச்சானா இரிப்பான்.

ஸ்ரீமாவோ அம்மாட ஆட்சியில, 1970க்கும் 77க்கும் இடையில, வெளிநாட்டுப் புடவை உள்ளுக்கு வாறது கஷ்டம். கைத்தறிக்கு அது நல்ல காலம். இந்தத் தெருவால நடந்தா ரெண்டு பக்கத்து வளவுலயும் தறிச் சத்தம். சாமத்துல சத்தம் நிண்டாத்தான் சனம் முழிக்கும். 77ல ஜே.ஆர். கதவைத் தொறந்தார், வெளிச் சாரி கப்பல் கப்பலா வந்து இறங்கிச்சி. "என்ன நைஸா இரிக்கி" எண்டு பொம்புளைகள் தடவித் தடவிப் பாத்தாங்க, நம்மட தறி ஒண்டொண்டா வாய் மூடிச்சி. சும்மா ஜே.ஆரைத் திட்டிக்கிட்டு இரிக்க ஏலா. இந்தத் தெருவுல முதல் ஆளா வெளிச் சாரி வாங்கினது உன்ட உம்மா. போய்க் கேட்டுப் பாரு, இல்ல எண்டு சத்தியம் பண்ணுவா.

மறுகா 2004 டிசம்பர் 26. இந்த நாட்டுல கடல் கூட உயிர் கொண்டு போனது நம்மட அம்பாறை மாவட்டத்துலதான். கடலோரத்துத் தறிக் கொட்டில் எல்லாம் பாவோட போச்சி. அதை நான் கதைக்கப் போறதில்ல. அதுக்குப் புறகு வந்ததைத்தான் கதைக்கப் போறன். கண்காட்சி வந்திச்சி மனே, அலைக்கு மேல அலையா. வெள்ளை வாகனம், தொப்பி, ரீசேர்ட், மூணு நாள் பயிற்சி. நெய்யத் தெரிஞ்சவனுக்கு நெய்யப் பழக்கினாங்க. ஆயுசுல பாதியைத் தறிக் குழிக்குள்ள காலை விட்டு இருந்த ஒரு மனிசனுக்குப் "பங்குபற்றியமைக்கான சான்றிதழ்" குடுத்தாங்க. அவர் அதைக் கண்ணாடி போட்டுச் சுவர்ல மாட்டிரிக்கார். ஏன் காக்கா எண்டு கேட்டன். அந்த இடத்துல சுவர் வெடிச்சிரிக்கி எண்டார்.

நீயும் சான்றிதழ் அடிக்கப் போறாய் எண்டு கேள்விப்பட்டன். நல்லம், ஊர்ல வெடிச்ச சுவர் இன்னும் கனக்க இரிக்கி.

நாள் குறிச்சிரிக்கிறதைப் பாரு, நவம்பர் கடைசி! ஆரு நாள் பாத்துக் குடுத்த, தவளையா? 1978 நவம்பர் 23ல சூறாவளி வந்து இந்தக் கரையில தென்னையெல்லாம் படுத்திச்சே, அப்ப நீ பொறக்கவும் இல்ல. மாரியில சாயம் காயாது, நூல் ஈரம் குடிக்கும், சனம் வீட்டுக்குள்ள இரிக்கும். பெரும்போகம் வெட்டி நெல்லு வித்த காசு சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கம் கையில சூடா இரிக்கிற நேரம் எது? பங்குனிப் பக்கம். அப்ப வை. காசு ஆறினாப் புறகு அதை மடியில இருந்து எடுக்க மலக்குமார்தான் வரணும்.

நோன்பு வருசத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வாற, அதையும் கணக்குப் போட்டுக்க. நோன்புக்குள்ள விழுந்தா தராவீஹ் முடியக் கடையைத் தொற, பெருநாள் சாறன் நல்லா ஓடும். ஆனா செயலமர்வு வைக்காத. நோன்போட இரிக்கிறவனுக்கு நூல் கோக்கப் பழக்கினா, அறுற ஒவ்வொரு இழைக்கும் ஒருத்தன்ட நோன்பு போகும், வாயால. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்போடயும் முட்டாம வை. சாரி எடுக்கிற அந்தச் சனம் நம்மட பழைய வாடிக்கை, அவங்கட நாளை நாம மறந்தா நம்மட நாளை அவங்க மறப்பாங்க.

இனி இடம். மைதானத்துல பத்துத் தறி நிப்பாட்டுறதாம். தறியைக் கழட்டினா பாவு தளரும், அச்சு சரியும், விழுது சிக்கும். திரும்ப நேராக்கி எடுக்க நல்ல தறிக்காரனுக்கும் நாள் போகும். நீ தறியை மேசை எண்டு நினைச்சிட்டாய். கணக்கைக் கேள். சாறனுக்கு 48 அங்குல அகலம், அங்குலத்துக்கு 60 இழை எண்டு வை. 2,880 இழை. ஒவ்வொண்டும் விழுதுக் கண்ணுக்குள்ளால ஒருக்கா, அச்சுப் பல்லுக்குள்ளால ஒருக்காப் போகணும். பழைய பாவு முடிஞ்சா அதின்ட நுனியோட புதுப் பாவின்ட நுனியை வெச்சி, விரல் ரெண்டுக்கும் இடையில உருட்டி முறுக்கிப் பிணைக்கணும், இழை இழையா. 2,880 தரம். தறியில இரிக்கிற ஆம்புளையைத்தான் நீ படம் புடிப்பாய். நூல் சுத்தினதும் பாவு பிணைச்சதும் அனேகமா உள்வீட்டுல இரிக்கிற பொம்புளை. உன்ட பேனர்ல தலைவர், செயலாளர், பொருளாளர், உப தலைவர் அஞ்சு பேர் எல்லாரும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறாங்க, அவட விரலைக்கூடக் காணல்ல.

அதனால தறியைச் சந்தைக்குக் கொண்டு வராத. சந்தையைத் தறிக்குக் கொண்டு போ. இன்னும் தறி ஓடுற வளவையெல்லாம் கேட்டு, சம்மதிக்கிற வீட்டுக் கடப்படியில ஒரு சாறனைக் கட்டித் தொங்கவிடு. அதுதான் அடையாளம், பேனர் தேவையில்ல. திரீவீல் பொடியன்மாருக்கு நாள் சம்பளம் பேசி வெச்சிக்க, வாற சனத்தை ஏத்தி இறக்கட்டும். மைதானத்துல கூடத்தை மட்டும் போடு.

செயலமர்வுக்கு என்ன போட்டிரிக்காய்? "கைத்தறி நெசவு ஓர் அறிமுகம், அரை நாள், பவர்பொயின்ட் விளக்கம்." கரண்ட் போனா நெசவும் போச்சி! அரை நாள் வேணா மனே. கால் மணித்தியாலம் போதும், ராட்டையும் ஒரு வெறும் தாரும் போதும். வந்தவனை ஒரு பாயில இருத்தி, தார்ல நூலை ஏத்தச் சொல்லு. லேசான வேலை மாதிரித்தான் இரிக்கும். ராட்டை ஒரு வேகம் ஓடும், அவன்ட கை ஒரு வேகம் ஓடும், தார் நடுவுல வயிறு வைக்கும், நுனியில மெலியும். அந்தத் தாரையே நாடாவுல போட்டுத் தறியில ஓடவிடு. பாவுக்கு நடுவுல போய்ச் சிக்கி நிக்கும், இழை அறும். தறிக்கார ராத்தா அப்ப ஒண்டும் சொல்ல மாட்டா, சிரிக்கவும் மாட்டா. அறுந்த நுனி ரெண்டையும் நகத்தால தேடி எடுத்து, ஒரு சுண்டு சுண்டி முடிச்சிப் போட்டு, நாடாவைத் திரும்ப அவன்ட கையில குடுப்பா. முடிச்சி எங்க இரிக்கி எண்டு அவன் குனிஞ்சி தேடுவான். காண மாட்டான்.

அவனைத் தேத்தண்ணியும் குடுக்காம நேராக் கூடத்துக்கு அனுப்பு. சாறன் என்ன விலை எண்டு கேப்பான். சொன்னதும் பர்ஸைத் தொறப்பான். "கடைசி விலை என்ன காக்கா" எண்டு கேக்க அவனுக்கு நாக்கு வராது, விரல்ல நூல் வெட்டின கோடு இன்னும் ஆறியிராது. நீ கடையை முன்னுக்கும் செயலமர்வைப் பின்னேரத்துலயும் போட்டிரிக்காய். எல்லாச் சந்தையும் இப்படித்தான் போடுது, அதனாலதான் எல்லாச் சந்தையிலயும் "நூறைக் குறைங்க" எண்ட சத்தம் பாங்கையும் தாண்டிக் கேக்குது. மாத்து. தார் சுத்தாதவனுக்குச் சாறன் இல்ல எண்டு வாசல்ல எழுதிப் போடு. சனம் பகிடி எண்டு நினைச்சிக்கிட்டு உள்ள வரும்.

விலைச்சீட்டும் கட்டு. கொழும்புல காலி வீதியில பெயார்ஃபுட் எண்ட கடை, பார்பரா சன்சோனி எண்ட அம்மா 1964ல தொடங்கினது. அவ 2022ல காலமாகிட்டா. அங்க கைத்தறிச் சாமானைச் சனம் சீட்டுல உள்ள விலையைப் பாத்துக் காசைக் குடுத்துட்டுப் போகுது. அதே சனம் இந்தப் பக்கம் வந்தா பேரம். ஏன்? அங்க விலை சீட்டுல இரிக்கி, இங்க விலை நம்மட முகத்துல இரிக்கி. நம்மட முகத்தைப் பாத்தா ஆருக்கும் குறைச்சிக் கேக்கத்தான் தோணும். சீட்டுல நெய்தவர்ர பேரைப் போடு, பாவு பிணைச்சவட பேரைப் போடு. நூல் எத்தினையாம் நம்பர் எண்டும் போடு. 40ஆம் நம்பர் எண்டா, 840 யார்க் கழி நாப்பது சேந்தாத்தான் ஒரு இறாத்தல். பெருக்கிப் பாரு, 33,600 யார். மருதமுனைச் சந்தியில ஒரு நுனியைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போனா நிந்தவூரும் போய் ஒலுவிலும் போயிடும், நூல் இன்னும் கையில மிச்சம் இரிக்கும். ஒரு இறாத்தல் சீனியால ஒரு தெருவுக்குத் தேத்தண்ணி ஊத்தவே காணாது.

கூடம் ஆருக்குக் குடுத்திரிக்காய்? முன்வரிசையில முதல் ரெண்டும் உன்ட மாமனாருக்கு. எனக்கு விளங்குது மருமகன், அவர்ர மகளுக்குக் குடுத்த வீட்டுலதான் நீ படுக்கிறாய், அவர்ர பொஞ்சாதி ஆக்கினதைத்தான் திங்கிறாய். ஆனா அவர் விக்கிறது மிசின் சாறன், அதுல "மருதமுனைக் கைத்தறி" எண்டு ஒரு சீட்டு. இதை எப்படிச் சொல்ற எண்டு நீ முழிக்கிறாய். நீ ஒண்டும் சொல்லாத. வாசல்ல நெருப்புப் பெட்டியோட ஒரு கிழவனை இருத்து. உள்ள போற ஒவ்வொரு கட்டுலயும் ஒரு இழையைப் பிரிச்சி அவன் நெருப்புல காட்டட்டும். பருத்தி எண்டா கடதாசி எரிஞ்ச மணம் வரும், பொடிச் சாம்பலாப் போகும். பொலியெஸ்டர் எண்டா உருகிக் கறுப்பு மணியாத் திரண்டு நிக்கும். மிசின்ல நெய்த பருத்தி இதுல தப்பிடும், அதுக்கு நெய்த ஆளைக் கூட்டிட்டு வா எண்டு கேட்டாச் சரி. மாமனார் கிழவனோடதான் கோவிப்பார். உன்ட சோத்துல ஒரு குறையும் வராது.

கச்சான்காரனையும் அச்சாறுக்காரனையும் காத்துப் போற பக்கமா, எட்டத்துல நிப்பாட்டு. கச்சான் திண்ட கையால ஒருத்தி பால் நிறச் சாரியைத் தடவினா அந்தச் சாரி அவவுக்கும் இல்ல, கடைக்காரனுக்கும் இல்ல. நடுவுல ஒரு தண்ணிக் குழாய் போடு. வாடகையை அவங்களிட்ட எடு, ஐஸ்கிரீம்காரனிட்ட ரெட்டிப்பா எடு. தறிக்காரனிட்ட ஒரு சதம் எடுக்காத. சில்லறை மாத்தி வை. கியூஆர் ஒட்டுறதும் நல்லந்தான், ஆனா பின்னேரத்துல சனம் கூடி எல்லாரும் லைவ் போடத் தொடங்கினா சிக்னல் போயிடும், அந்த நேரம் அஞ்சாயிரம் ரூவாத் தாளோட வாறவளுக்கு மிச்சம் குடுக்கச் சில்லறைதான் கை குடுக்கும்.

தலைப்புல "நார்" எண்டு போட்டிரிக்காய், உள்ள நாரைக் காணல்ல. பாய் இழைக்கிற பொம்புளைகளை மறந்திட்டாய், அப்படித்தானே? குளத்தோரத்துப் பன்னை வெட்டி, காயவெச்சி, சாயத்துல அவிச்சி, பச்சையும் செவப்புமா இழைக்கிற பாய். உன்ட கலியாணத்துலயும் அதுலதான் உன்னை இருத்தினாங்க. கண்டிப் பக்கம் ஹேனவல ஊர்ச் சனம் செடி நாரை எடுத்துத் தறியில தும்பரைப் பாய் நெய்யிறாங்க, அது 2021ல யுனெஸ்கோட பட்டியல்ல ஏறிட்டு. அவங்கள்ல ஒரு குடும்பத்தைக் கூப்பிடு, நம்மட ராத்தாமாருக்குப் பக்கத்துப் பாயில இருத்து. பாஷை தெரியாட்டியும் கை கதைக்கும். ஒரு நாள்ல ஒருத்தர்ட சாயத்தை ஒருத்தர் களவெடுத்திடுவாங்க, அதைவிட நல்ல செயலமர்வு எனக்குத் தெரியாது.

ஆனா இதைக் கவனி. பாயைச் சுருட்டித் தோள்ல வெச்சிக் கொண்டு வாறவர் புருசன், வித்த காசை மடியில முடிஞ்சிக்கிட்டுப் போறவரும் புருசன். இழைச்சவ வீட்டுல இரிக்கிறா. கூடம் பதியிற நேரம் இழைச்சவட பேர்லயே பதி, காசும் அவட கையிலயே போகட்டும். அவ வரணும் எண்டா தொழ ஒரு மறைப்பு, கக்கூசு, புள்ளைக்கு ஏணை கட்ட ஒரு கம்பு, இது மூணும் வேணும். உன்ட திட்டத்துல அதிதிகளுக்கு ஓய்வறை இரிக்கி, ஏசியும் இரிக்கி. ஏணைக்கம்பு இல்ல.

சனம் வருமா எண்டு பயப்படாத. கடற்கரைப் பள்ளியில நாகூர் ஆண்டகைட கொடி ஏத்துறாங்களே, பன்னிரண்டு நாள். போகப்படாது எண்டு சொல்றவங்களும் நம்மட ஊர்ல இரிக்கிறாங்க, அந்தச் சண்டைக்கு நான் வரல்ல. ஆனா அங்க போய்ப் பாரு, எவன் யூ-டியூப்ல விளம்பரம் போட்டான்? கொடி ஏறிச்சி எண்ட சத்தம் போதும், வெளியூர்ல இரிக்கிற மகள் வருவாள், மகளோட புள்ளைகள் வருவாங்க, வந்தவங்க வளையலும் அலுவாவும் வாங்காமப் போக மாட்டாங்க. உன்ட சந்தைக்கும் ஊர்ப் புள்ளைகள் வீட்டுக்கு வாற நாளாப் பாத்து வை. சாறன் எடுத்துக் குடுக்க ஒரு வாப்பா இரிக்கிறவன்தான் சாறன் வாங்குவான்.

தொடக்க விழாவை நான் தடுக்கல்ல. உரை எல்லாத்தையும் வெட்டச் சொன்னா உன்ட குழுவுல ஒருத்தனும் மிஞ்ச மாட்டான். ஒரே ஒரு நிபந்தனை. மேடைக்கு ஏற முன்னால ஒவ்வொரு அதிதியும் ஒரு தார் சுத்திட்டு ஏறணும். நூல் அறுந்தா பேச்சு அவ்வளவுதான், அடுத்த ஆள். மஃரிபுக்கு முன்னாலயே நன்றியுரை வந்திடும், பாரு. பொன்னாடைக்குப் பதிலா நம்மட சாறனைப் போத்து. வீட்டுக்குப் போய் உடுக்கவாவது உதவும்.

இப்ப போ, போய் இதையெல்லாம் உன்ட தலைவரிட்ட சொல்லு. நான் சொன்ன எண்டு சொல்லாத, வெளிநாட்டு ஆலோசகர் ஒருத்தர் சொன்னார் எண்டு சொல்லு, உடனே கேப்பார். வாசல்ல இரிக்கிற கிழவனுக்குச் சம்பளம் வேணாம். சாப்பாடு அதிதிகள்ட சவன்ல, நெருப்புப் பெட்டிக் காசு தனி.